"முறுமுறுக்காதீங்கம்மா"

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து நின்று கேட்டார்: "உதவி நிதியில போன வருஷம் காட்டின பணம் இந்த வருஷத் தாள்ல இல்லையே தம்பி, அது எங்க போச்சு?"

அறுபதைத் தாண்டியவர். நான் அச்சடித்துக் கொடுத்த வரவுசெலவுத் தாளைக் கையில் வைத்திருந்தார். அந்த ஒரு வரியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. சபையின் பொருளாளர் நான்தான். பணம் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மைக்கை வாங்கி நான் சொன்னது இதுதான்: "முறுமுறுக்காதீங்கம்மா. வனாந்தரத்துல முறுமுறுத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்ல?"

சபை சிரித்தது. போதகரும் சிரித்தார். அந்த அம்மா தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டோம். அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு அவர் சபைக்கே வரவில்லை என்பது என் கண்ணில் பட ஐந்து மாதம் ஆயிற்று.

ஆரோக்கியமான சபை எப்படி இருக்கும் என்று இப்போது யாராவது கேட்டால், எனக்கு முதலில் அந்த மடித்த தாள்தான் நினைவுக்கு வருகிறது. ஆராதனையோ பிரசங்கமோ கூட்டமோ அப்புறம்தான்.

வேதம் வாசிக்கிறவர்களுக்கு முறுமுறுப்பு என்பது எவ்வளவு கனமான சொல் என்று தெரியும். எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தண்ணீருக்கும் அப்பத்துக்கும் முறுமுறுத்தார்கள். அவர்களில் பலர் அங்கேயே அழிந்தார்கள். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் அதை எச்சரிக்கையாக எடுத்துக் காட்டுகிறார். பிலிப்பியருக்கும் முறுமுறுக்காமல் எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறார். ஆகவே சபையில் கேள்வி கேட்பவரை உட்கார வைக்க இதைவிட வசதியான சொல் கிடையாது. கேட்டவர் அந்த நிமிடமே பாவியாகிவிடுவார். சொன்னவர் ஆவிக்குரியவராகத் தெரிவார்.

என் பழைய சபையைப் பார்த்த யாரும் அதை நோயுள்ள சபை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனை, மூன்றிலும் இடம் இருக்காது. வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி எல்லாம் களைகட்டும். போதகர் நன்றாகப் பேசுவார். நேர்மையாகச் சொன்னால் அவர் கெட்டவரும் இல்லை, பணத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனவரும் இல்லை. அவரிடம் 'இல்லை' என்று சொல்லும் ஆள் அந்தச் சபையில் இல்லை, அவ்வளவுதான். கமிட்டியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். நான் இருந்த ஆறு வருடத்தில் ஒரு தீர்மானத்துக்குக்கூட எதிர்ப்பு எழுந்ததில்லை. ஆதித் திருச்சபை ஒருமனப்பட்டிருந்தது என்று வாசிக்கிறோமே, அதுபோல எங்களுக்கும் ஒருமனம் இருக்கிறது என்று பெருமையாகப் பேசிக்கொள்வோம்.

உதவி நிதி என்பது விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் என்று சொல்லி மக்கள் தனியாகக் கொடுத்த பணம். புதிய ஆலயக் கட்டடம் பாதியில் நின்றபோது, 'தற்காலிகமாக' அந்தப் பணத்தைக் கட்டட நிதிக்கு மாற்றினோம். கமிட்டியில்கூட அதைப் பேசவில்லை. இரண்டு தொலைபேசி அழைப்புகளில் முடிந்த விஷயம். கணக்கில் 'இதர மாற்றங்கள்' என்று எழுதியது நான். திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். அடுத்த வருடம் வைக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் எடுத்தோம். பிறகு ஒரு நாள், சம்பாதிக்கிற ஒரே ஆள் படுக்கையில் விழுந்த ஒரு குடும்பம் உதவி கேட்டு வந்தது. "நிதி இல்ல, ஜெபிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் குடும்பமும் அதே நிதிக்குப் பல வருடம் கொடுத்து வந்த குடும்பம். அது எனக்குத் தெரியும். ரசீது எழுதியதே நான்தானே.

உடைந்தது எப்படி என்பதை நீட்ட வேண்டாம். கமிட்டியில் இரண்டு பேருக்குள் வேறு ஏதோ சண்டை வந்து, ஒருவர் மற்றவரை மாட்டிவிடக் கணக்கை வெளியே விட்டார். நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய உண்மை, வாகனம் நிறுத்தும் இடத்தில் முணுமுணுப்பாகவும் செல்பேசிச் செய்தியாகவும் இரண்டு மடங்கு பெருத்துப் பரவியது. பீடத்திலிருந்து 'சபையைப் பிரிக்கிற ஆவி' என்ற தலைப்பில் நான்கு வாரம் பிரசங்கம் நடந்தது. ஒரு வருடத்துக்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள். நானும் ராஜினாமா செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கத் தொடங்கினேன். யாரும் தேடி வரவில்லை. அதற்குக் கோபப்பட எனக்கு உரிமையும் இல்லை. ஆறு வருடத்தில் நான் யாரைத் தேடிப் போனேன்?

தேடி வந்தது அந்த அம்மாதான்.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்தார், என் மனைவியிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், ஒரு சின்ன ஜெபம் செய்தார். வாசலில் செருப்பைப் போடும்போதுதான் சொன்னார்: "நீ எங்கயும் போறதில்லன்னு கேள்விப்பட்டேன் தம்பி. நான் போற சபைக்கு ஒரு நாள் வா. அங்க கணக்கு கேக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்காத, கேப்பாங்க."

போனேன். எழுபது பேர் இருக்கும். பாட்டு சுமார்தான். பிரசங்கமும், என் பழைய போதகரை மனதில் வைத்துக் கேட்டால், சுமார்தான். ஆனால் முதல் வாரமே இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தன.

ஒன்று, அறிவிப்புப் பலகை. அந்த மாத வரவுசெலவு அதில் ஒட்டியிருந்தது. அடியில் 'கேள்வி இருந்தால் இவர்களிடம் கேளுங்கள்' என்று இரண்டு பெயர்கள். இன்னொன்று, பிரசங்கத்துக்குப் பிறகு வந்த பகிர்வு நேரம். எங்கள் பழைய சபையிலும் சாட்சி நேரம் உண்டு. ஆனால் அங்கே எல்லாச் சாட்சியும் வெற்றியில்தான் முடியும். வேலை கிடைத்தது, வியாதி தீர்ந்தது, தேர்வில் பாஸ். முடியாத கதை எதற்கும் மைக் கிடைக்காது. இங்கே ஒருவர் எழுந்து, "மூணு மாசமா என்னால ஜெபிக்க முடியல. வாயத் திறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. யாராவது ஓடிவந்து தலையில் கை வைப்பார்கள், 'விசுவாசம் போதலை' என்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு மூப்பர் எழுந்து 88ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்தார். இருளில் தொடங்கி இருளிலேயே முடியும் சங்கீதம் அது. கடைசி வசனத்தில்கூட விடியல் கிடையாது. வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவற்றைப் பாடும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

சில மாதம் கழித்து அந்த மூப்பரிடம் மனசைத் திறந்து, பொதுக்கூட்டத்தில் நான் சொன்னதைச் சொன்னேன். அவர் கண்டிக்கவில்லை. "முறுமுறுப்பு இன்னொரு இடத்துலயும் வருதே, கவனிச்சீங்களா?" என்று கேட்டு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்தார்.

எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாட உதவியில் விடுபட்டுப் போகிறார்கள். அவர்கள் பக்கத்து ஆட்கள் முறுமுறுக்கிறார்கள். பவுல் கொரிந்தியருக்கும் பிலிப்பியருக்கும் எழுதும் அதே சொல், கிரேக்க மூலத்திலும் அதே வேர்ச்சொல்தான். ஆனால் அப்போஸ்தலர்கள் யாரும் வனாந்தரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. யார் முதலில் ஆரம்பித்தது என்று விசாரிக்கவில்லை. எல்லாச் சீடரையும் கூப்பிட்டு, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள், இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கிறோம் என்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கிரேக்கப் பெயர் வைத்தவர் எல்லாருமே கிரேக்க மொழிக்காரர் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவருக்கும் பிலிப்பு என்றுதான் பெயர். ஆனாலும் ஏழுக்கு ஏழு அப்படி அமைந்ததைப் பார்த்தால், புகார் சொன்ன பக்கத்தின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தச் சம்பவத்தை முடிக்கும் வசனம், தேவவசனம் பரவியது, சீடருடைய தொகை பெருகியது என்பது. அந்த வளர்ச்சி எந்த முறுமுறுப்பைத் தாண்டி வந்தது என்று நாங்கள் பேசியதே இல்லை.

"அப்படின்னா எல்லா முறுமுறுப்பும் நல்லதா?" என்று கேட்டேன். "இல்ல, இல்ல" என்றார். "ரெண்டு விஷயம் பார்ப்பேன். யாருக்கோ ஒரு குறை இருக்குன்னு சொல்றாங்களா, இல்ல சும்மா எகிப்துக்குத் திரும்பணுங்கறாங்களா? சொன்னதுக்கு அப்புறம் சரி பண்ற வேலைக்கும் வர்றாங்களா?" அதற்குப் பிறகு நான் பார்த்த எந்தச் சபைச் சண்டையிலும் இந்த இரண்டு கேள்விகளைத் தாண்டி எனக்குப் பெரிதாக ஒன்றும் தேவைப்பட்டதில்லை.

அந்தச் சபையில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. 'சிலர் சொல்றாங்க' என்று ஆரம்பிக்கும் புகாரைக் கமிட்டி எடுத்துக்கொள்ளாது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அதைச் சொல்லுங்கள் என்பார்கள். மற்றவருக்காகத்தான் பேசுகிறீர்கள் என்றால், அவரோடு சேர்ந்து வாருங்கள். முதலில் இது எனக்குக் கறாராகத் தெரிந்தது. பழகப் பழக, வாகனம் நிறுத்தும் இடத்துப் பேச்சு பாதியாகக் குறைந்தது இதனால்தான் என்று புரிந்தது. உள்ளே பேச இடம் இருந்தால் வெளியே பேசும் சுவாரஸ்யம் போய்விடுகிறது.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன வரிசையையும் அங்கேதான் முதல் தடவையாக நடைமுறையில் பார்த்தேன். உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் போ. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குச் சொல். நாம் பொதுவாக இதைத் தலைகீழாகச் செய்வோம். சபை முழுவதும் தெரிந்த பிறகு, கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகும். இசைக்கருவிகளின் சத்தத்தைப் பற்றி எனக்கும் பாடல் நடத்தும் வாலிபருக்கும் ஒரு தகராறு வந்தது. வழக்கம்போல நான் மூப்பரிடம் போய்ச் சொன்னேன். "அவர்ட்ட பேசிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பேசிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. போய்ப் பேசினேன். அந்த வாலிபர் கோபப்பட்டார், நானும் கோபப்பட்டேன். சத்தம் இன்று வரை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தால் நின்று பேசுகிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்த மத்தேயு 18 வரிசை ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ நடந்த துன்புறுத்தலுக்குப் பொருந்தாது. பாதிக்கப்பட்டவரைத் 'தனியாகப் போய்ப் பேசு' என்று அனுப்புவது இரண்டாவது கொடுமை. அப்படிப்பட்ட புகார் பெயரில்லாமல் வந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். சபைக்குள் பஞ்சாயத்து வைக்கக் கூடாது, காவல்துறைக்குப் போக வேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடுமே என்று யார் சொன்னாலும், அவர் போதகராகவே இருந்தாலும், அந்த இடத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. என் புதிய சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், அதுவும் ஒரே குடும்பத்துக்காரர்களாக இருக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்கும். புதிதாக வருகிறவர் உடனே பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க முடியாது. நம்பிக்கையில்லையா என்று ஒருவர் வருத்தப்பட்டுக் கேட்டார். "நம்பிக்கை இருக்கு, அதனாலதான் உங்க மேல யாரும் சந்தேகப்படற மாதிரி வைக்கறதில்ல" என்று ஒரு ஆசிரியை பதில் சொன்னார்.

பணத்துக்கு வருகிறேன். இதில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பல சபைகளில் காணிக்கை சேர்த்தார். அவரைவிட நம்பகமான ஆள் யார்? ஆனால் அந்தப் பணத்தை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 2 கொரிந்தியர் 8இல் சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரரை உடன் அனுப்புவதாக எழுதுகிறார். யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்லாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கப் பார்க்கிறோம் என்பது அதன் சாரம். 'கர்த்தருக்குத் தெரியும்' என்று என் பழைய கமிட்டியில் எத்தனை முறை சொல்லியிருப்போம். பவுலுக்கு அது மட்டும் போதவில்லை.

நடைமுறையில் இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காணிக்கையை உறவினர் அல்லாத இரண்டு பேர் சேர்ந்து, அன்றே, அங்கேயே எண்ணி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணுகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணுகிறவரே கணக்கு எழுதக் கூடாது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து. ஒரு காரியத்துக்கென்று கொடுத்த பணம் அந்தக் காரியத்துக்கு மட்டும்தான். அவசரமாக மாற்ற வேண்டியிருந்தால் கொடுத்தவர்களிடமே, சபையிடமே கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள் என்பதுதான் வேடிக்கை. அன்று நாங்கள் எழுந்து 'கட்டடம் நிற்கிறது, என்ன செய்யலாம்?' என்று கேட்டிருந்தால் பாதிப்பேர் மோதிரத்தைக் கழற்றியிருப்பார்கள். கேட்க வெட்கமாக இருந்தது, கட்டட வேலையைத் தொடங்கிய எங்கள் அவசரம் வெளியே தெரிந்துவிடுமே. போதகரின் சம்பளத்தை அவர் இல்லாத கூட்டத்தில் மற்றவர்கள் முடிவு செய்ய வேண்டும். அது அவர் குடும்பம் தலைநிமிர்ந்து வாழும்படி இருக்கவும் வேண்டும். குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டுப் பரிசுத்தம் எதிர்பார்க்கும் சபைகளும் நோயுள்ள சபைகள்தான். வெளி ஆடிட்டர் வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். பொருளாளருக்குக் காலவரை வேண்டும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். எனக்கு மூன்று வருடத்தில் காலவரை முடிந்திருந்தால், 'இதர மாற்றங்கள்' அடுத்தவர் கண்ணில் பட்டிருக்கும்.

சரி, அந்த அம்மா என்னைத் தேடி வந்தாரே, அது தற்செயல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் அங்கே மூன்று பேர் பத்து நிமிடம் பின்தங்கி நிற்பார்கள். இன்று யார் வரவில்லை என்பதுதான் பேச்சு. வந்தவர்களை எண்ணும் சபைகளைப் பார்த்திருக்கிறேன், வராதவர்களை எண்ணும் சபையை அங்கேதான் பார்த்தேன். இரண்டு வாரம் ஒருவர் வராவிட்டால் ஒரு போன், மூன்றாவது வாரம் நேரில். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: 'ஏன் வரலை?' என்று கேட்கக் கூடாது. அது வருகைப்பதிவு எடுப்பதுபோல ஆகிவிடும். 'எப்படி இருக்கீங்க?' போதும். நான் அந்தச் சபையின் ஆளே இல்லை. ஆனாலும் ஒருவர் எங்கும் போகாமல் இருக்கிறார் என்று தெரிந்ததும், பழக்க தோஷத்தில் அந்த அம்மா கிளம்பி வந்துவிட்டார்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின், தன் காலத்துக் கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று என்ன செய்வார்கள் என்று விவரித்திருக்கிறார். வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் திராட்சரசமும். பிறகு, வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கை எடுத்துப் போவார்களாம். விரும்பினவர்கள் கொடுத்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகுமாம். வராதவர்களின் பங்கும் ஆராதனையின் பகுதியாக இருந்திருக்கிறது.

மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்துக் கதை ஒன்று எனக்குக் கணக்குப்பிள்ளை என்ற முறையில் மிகவும் பிடிக்கும். 1742இல் பிரிஸ்டல் நகரில் மெத்தடிஸ்டுகளுக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஏழைகளால் முடியாதே என்றதும், அப்படியானால் மிக ஏழைகளான பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், கொடுக்க முடியாதவர்களுக்கு நான் போடுகிறேன் என்றாராம். அப்படி ஒவ்வொருவரும் பதினோரு பேர் வீட்டுக்கு வாரம்தோறும் போகத் தொடங்கினார்கள். போன இடத்தில் குடியும் சண்டையும் துக்கமும் கண்ணில் பட்டன. வசூலுக்குப் போன ஆட்கள் மேய்ப்பர்களாகிவிட்டார்கள். மெத்தடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டங்கள் அப்படித்தான் பிறந்தன. எங்களுக்கும் கட்டடக் கடன் இருந்தது. நாங்கள் யார் வீட்டுக்கும் போகவில்லை.

போதகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. என் பழைய போதகருக்கு ஒரு நண்பர்கூட இருந்ததில்லை என்று இப்போது நினைக்கிறேன். எல்லாரும் அவரிடம் ஜெபம் கேட்டுப் போனோம், அவர் எங்கே போனார்? காலை முதல் மாலை வரை மோசே தனி ஆளாக வழக்குத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்று சொல்லி, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்த வைத்தார். அந்த இடத்தில் மோசேயிடம் 'நீ செய்வது நல்லதல்ல' என்று சொல்ல ஒரு மாமனார் இருந்தார். கலாத்தியர் 2இல் பேதுருவுக்கு ஒரு பவுல் இருந்தார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேராக எதிர்த்தார். சபை உடைந்துவிடவில்லை. பேதுருவின் பெயரில் வரும் இரண்டாம் நிருபம் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே சொல்கிறது.

சின்னச் சபை என்றால் ஆரோக்கியம், பெரிய சபை என்றால் நோய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பது பேர் கொண்ட சபை ஒரே குடும்பத்தின் சொத்துபோல நடப்பதையும் பார்த்திருக்கிறேன். 3 யோவானில் வரும் தியோத்திரேப்பு பெரிய சபையை நடத்தியதாக எங்கும் எழுதவில்லை. முதன்மையாயிருக்க விரும்பினான், வந்த சகோதரரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொண்டவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளினான் என்றுதான் இருக்கிறது. அது எந்த அளவுச் சபையிலும் நடக்கும்.

புதிய சபை தேடுகிற நண்பர்கள் சிலர் என்ன பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. உபதேசத்தைப் பாருங்கள், அது முதலில், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு, சபையைவிட்டுப் போனவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். போன எல்லாருமே பின்மாற்றக்காரர்கள், கலகக்காரர்கள் என்று சொன்னால் நானாக இருந்தால் திரும்பி வந்துவிடுவேன். கடைசியாகத் தலைவர் ஒருவர் 'நான் செய்தது தப்பு' என்று சொன்னது எப்போது என்று விசாரியுங்கள். அழுக்கு உடையோடு வருகிறவருக்கு எங்கே இடம் கிடைக்கிறது என்று ஒரு ஞாயிறு பின்வரிசையில் இருந்து கவனியுங்கள். யாக்கோபு 2ஆம் அதிகாரத்தில் சொன்னதுதான் இது, பொன்மோதிரக்காரருக்கு நல்ல நாற்காலியும் ஏழைக்குப் பாதபடிப் பக்கமும். ஏற்கனவே இருக்கும் சபையில் நோய் தெரிகிறதென்றால் உடனே கிளம்பிவிடச் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு கேள்வியைப் பணிவாக, பெயரோடு, எழுந்து நின்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதைவிட, அடுத்த ஞாயிறு உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

நானும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. உதவி இல்லை என்று சொல்லி அனுப்பினேனே, அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனேன். நிதி இருந்தது, நாங்கள்தான் எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். அந்த வீட்டுக்காரர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

நான்கு வருடம் கழித்துப் புதிய சபையில் என்னைப் பொருளாளராக இருக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பழைய கதை தெரியும், அதனால்தான் கேட்கிறோம் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டேன். முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம். தாள்களைக் கொடுத்துவிட்டு நின்றேன். கல்லூரியில் படிக்கிற ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணா, பக்கம் ரெண்டுல அச்சுச் செலவு ரெண்டு தடவ வருதே?"

பார்த்தேன். இரண்டு தடவைதான் வந்திருந்தது. ஒரே ரசீதை மார்ச் மாதத்திலும் எழுதியிருந்தேன், ஏப்ரலிலும் எழுதியிருந்தேன். வயிறு ஒரு நொடி சில்லிட்டது. "ஆமா தம்பி, தப்பு என்னோடதுதான். திருத்தின தாள அடுத்த ஞாயிறு பலகையில ஒட்டிடறேன்" என்றேன். சரி என்று உட்கார்ந்தான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் முறைக்கவில்லை. அடுத்த தீர்மானத்துக்குப் போனார்கள்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பக்கத்தில் வந்தார். கையில் என் தாள் இருந்தது, அந்த வரியைச் சுற்றிப் பேனா வட்டமும் இருந்தது. அவரும் கண்டுபிடித்திருக்கிறார், பையன் முந்திக்கொண்டான்.

"அடுத்த தடவ கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுது தம்பி" என்று சொல்லித் தாளை என்னிடம் கொடுத்தார்.